பணத்தை நீட்டிய நாளில் வட்டி நிற்குமா?
தீர்ப்புத் தொகையும் கொங்கு நாட்டு அனுபவமும்: ஓர் ஆய்வு

ஒருவர் மீது பத்து லட்சம் ரூபாய்க்கு டிகிரி ஆகிறது. ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டியோடு, வசூலாகும் நாள் வரை கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. அன்று முதல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 164 ரூபாய் கடனோடு சேர்கிறது. கடனாளி எப்படியோ பணத்தைத் திரட்டிக்கொண்டு வருகிறார். டிகிரி பெற்றவர் வாங்க மறுக்கிறார். அல்லது வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்புகிறார். அல்லது அப்பீல் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார். அன்றோடு வட்டி நின்றுவிட்டதா, இன்னும் ஓடுகிறதா?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் என்று தொழிலும் கடனும் சேர்ந்தே வளர்ந்த மாவட்டங்களில் இது ஏட்டுக் கேள்வியாக நிற்பதில்லை. புரோநோட்டு வழக்கு, நூல் பாக்கி வழக்கு, விபத்து இழப்பீடு, நில எடுப்பு இழப்பீடு என எல்லா வகை வழக்குகளிலும், தீர்ப்பு வந்த பிறகு கடைசியில் எஞ்சும் சண்டை இந்த வட்டிக் கணக்கைப் பற்றியதுதான். அசலை விட வட்டி பெரிதாகி நிற்கும் நிறைவேற்று மனுக்களில் பாதிக்கப்படுவது ஒரு தரப்பு மட்டுமல்ல. கட்டத் தெரியாமல் கட்டிய கடனாளியும் இழக்கிறார். வாங்கத் தெரியாமல் விட்ட டிகிரிதாரரும் இழக்கிறார்.

சட்டமும் தீர்ப்புகளும் பல இடங்களில் சிதறிக் கிடந்தாலும் அவற்றுக்கு அடியில் ஓடும் கொள்கை ஒன்றுதான். டிகிரி பெற்றவர் தடையின்றி எடுத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் பணம் இருக்க வேண்டும். அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவை இரண்டும் கூடும் நாளில் வட்டி நிற்கிறது. தருகிறேன் என்ற வாய்ச்சொல் வட்டியை நிறுத்தாது. அவர் தொட முடியாதபடி எங்கோ கட்டிவைத்த பணமும் நிறுத்தாது. இந்தக் கொள்கை ஒவ்வொரு வகை வழக்கிலும் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட்டியின் ஊற்று

டிகிரி வட்டிக்கு அடிப்படை 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. அது வட்டியை மூன்று காலமாகப் பிரிக்கிறது. வழக்குப் போடும் முன்பு வரையிலான வட்டி, ஒப்பந்தத்தையும் அதற்குரிய சட்டத்தையும் பொறுத்தது. வழக்கு நடக்கும் காலத்து வட்டியை நீதிமன்றம் நியாயமான விகிதத்தில் முடிவு செய்யும். டிகிரிக்குப் பிந்தைய வட்டிக்கு மட்டும் உச்சவரம்பு உண்டு. அது ஆண்டுக்கு ஆறு சதவீதம். 1956-இல் வந்த இந்த வரம்பை 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத் தளர்த்தியது. கடன் கடனாளியின் தொழில், வணிகம் சார்ந்ததாக இருந்தால் ஒப்பந்த வட்டி வரை போகலாம். ஒப்பந்தத்தில் வட்டி பேசப்படவில்லை என்றால் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளின் கடன் வட்டி வரை போகலாம். டிகிரிக்குப் பிந்தைய வட்டி பற்றித் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை என்றால், அது மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அதற்கென்று தனி வழக்கும் போட முடியாது.

கொங்கு நாட்டுக் கடைத்தெருவில் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபாய் வட்டி. ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீதம். அந்தக் கணக்கில் ஆறு சதவீத டிகிரி வட்டி அரை ரூபாய் வட்டிதான். வெளியே இரண்டு ரூபாய் வட்டிக்குப் பணம் புரளும் ஊரில், அரை ரூபாய் வட்டிக்கு நீதிமன்றக் கடனை இழுத்தடிப்பது கடனாளிக்கு லாபம். வட்டி விகிதம் உயர்ந்திருக்கும் வழக்குகளில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே பணத்தை வாங்காமல் இழுப்பது டிகிரிதாரருக்கு லாபமாகிவிடுகிறது. இழுத்தடிக்கும் கடனாளியிடமிருந்து டிகிரிதாரரையும், வாங்க மறுக்கும் டிகிரிதாரரிடமிருந்து கடனாளியையும் ஒரே சட்டம் காக்க வேண்டியிருக்கிறது. பணத்தை நீட்டுவது பற்றிய விதிகள் பிறந்த தேவை இதுதான்.

மற்ற நாடுகளும் இதே சிக்கலை வேறு வேறு விகிதங்களில் சந்திக்கின்றன. இங்கிலாந்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்புக் கடனுக்கு 1993 முதல் எட்டு சதவீதம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஓராண்டு அரசுக் கடன்பத்திரத்தின் வாரச் சராசரி வருவாயே வட்டி விகிதம். அது ஆண்டுதோறும் கூட்டு வட்டியாகிறது. சந்தையோடு ஏறி இறங்கும் அந்த முறையில் இழுத்தடிப்பதால் எந்தத் தரப்புக்கும் பெரிய ஆதாயம் இராது. நம்முடைய நிலையான ஆறு சதவீதத்தில் அந்தச் சமநிலை இல்லை. ஆகவே பணம் கொடுக்கும் முறையைப் பற்றிய விதிகளின் மேல் இங்கே கூடுதல் சுமை விழுகிறது.

1977-இல் வந்த தெளிவு

டிகிரிப் பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதைச் சொல்வது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது கட்டளையின் முதல் விதி. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு, பணம் கட்டிய பிறகு வட்டி எந்த நாளில் நிற்கும் என்று அந்த விதி வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1977 பிப்ரவரி 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் குறையைத் தீர்த்தது.

இன்று கடனாளிக்கு மூன்று வழிகள் உண்டு. டிகிரியை நிறைவேற்ற வேண்டிய நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டலாம். மணியார்டர் மூலமோ வங்கி மூலமோ அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பினாலும் சரி. நீதிமன்றத்துக்கு வெளியே டிகிரிதாரருக்கே மணியார்டரிலோ, வங்கி மூலமோ, எழுத்து ஆதாரம் உள்ள வேறு வழியிலோ கொடுக்கலாம். அல்லது டிகிரி வழங்கிய நீதிமன்றம் சொன்ன முறையில் கொடுக்கலாம்.

வட்டி நிற்கும் நாள் வழிக்கு வழி மாறுகிறது. நீதிமன்றத்தில் கட்டினால், கட்டிய நாளில் வட்டி நிற்காது. கட்டியதை டிகிரிதாரருக்கு நீதிமன்றம் வழியாகவோ, ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலிலோ தெரிவிக்க வேண்டும். அந்த நோட்டீஸ் அவருக்குச் சார்வான நாளில்தான் வட்டி நிற்கும். நேரடியாக அவருக்கே வங்கியில் செலுத்தினால் செலுத்திய நாளிலேயே நின்றுவிடும். மணியார்டரையோ வங்கிவழிப் பணத்தையோ அவர் வாங்க மறுத்தால், அது அவரிடம் நீட்டப்பட்ட நாளோடு வட்டி முடிகிறது. கண்ணில் படாமல் தப்பித்துக்கொண்டே இருந்தால், தபால்துறையின் அல்லது வங்கியின் வழக்கமான நடைமுறைப்படி எந்த நாளில் பணம் அவரிடம் நீட்டப்பட்டிருக்குமோ அந்த நாளோடு முடிகிறது.

இந்தக் கடைசிப் பாதுகாப்பு மணியார்டருக்கும் வங்கிவழிப் பணத்துக்கும் மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. பையில் ரொக்கத்தை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் வைத்து, அவர் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினால், அதை நிரூபிக்க இரண்டு சாட்சிகளைக் கூட்டி வந்தாலும் விதியின் இந்தப் பாதுகாப்பு நேரடியாகக் கிடைப்பதில்லை. அப்படி மறுக்கப்பட்டவர் அடுத்த நாளே நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டி நோட்டீஸ் அனுப்புவதே பாதுகாப்பான வழி.

நோட்டீஸின் இடத்தை உச்ச நீதிமன்றம் 1995-இல் மாத்துண்ணி மத்தாய் வழக்கில் உறுதி செய்தது. நிலத்துக்கான இழப்பீட்டைக் கட்டிவிட்டு டிகிரிதாரருக்குத் தெரிவிக்காமல் இருந்தால், கட்டியதை மட்டும் காட்டி வட்டியை நிறுத்திவிட முடியாது. கோவை நீதிமன்ற வளாகத்தில் செலானைக் கட்டிவிட்டு, நகலை வழக்குக் கட்டில் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கும் கடனாளிகள் இழப்பது இந்த இடத்தில்தான். ஒரு பதிவுத் தபால் செலவுக்குச் சோம்பியதால் ஆண்டுக் கணக்கில் வட்டி ஏறுகிறது.

நீட்டும் பணம் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, கடமையைச் செய்ய முன்வருவது நிபந்தனையின்றியும், உரிய காலத்தில் உரிய இடத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. முழுத் தீர்வு என்று எழுதிக் கொடுத்தால்தான் பணம் தருவேன் என்று குறைந்த தொகையை நீட்டுவது பேரமாகும். அது வட்டியை நிறுத்தும் கொடுப்பு ஆகாது.

கையில் கொடுத்த பணம்

கிராமப்புறக் கொங்கில் மிக அதிகமாகப் பணம் தொலைவது அடுத்த விதியில். டிகிரி ஆன பிறகு, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, வட்டியைத் தள்ளி, ஒரு தொகையைக் கைமேல் கொடுத்து முடித்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். அந்தப் பேச்சு நாணயமானது. சட்டத்தின் கண்ணில் அது பதிவாக வேண்டும் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை.

21-ஆவது கட்டளையின் இரண்டாம் விதிப்படி, வெளியே பெற்ற பணத்தை நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பது டிகிரிதாரரின் கடமை. அவர் செய்யாவிட்டால் கடனாளியே மனுப் போட்டுப் பதியச் செய்யலாம். அதற்குக் காலவரம்பு 30 நாள். முறையாகப் பதியாத கொடுப்பை டிகிரியை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. வங்கி அல்லது எழுத்து ஆதாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிகிரிதாரரே ஒப்புக்கொள்ள வேண்டும். வாய்ச்சாட்சியால் பதிய முடியாது.

டிகிரியை நிறைவேற்றக் கேட்கப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பத்தாவது ஆண்டில், பெரியவர்களில் பாதிப் பேர் காலமான பிறகு, டிகிரிதாரரின் வாரிசுகள் முழுத் தொகைக்கும் வட்டிக்கும் நிறைவேற்று மனு போட்டால், கடனாளியின் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. ஊரில் நாலு பேர் அறிய முடிந்த கணக்கு, நீதிமன்றப் புத்தகத்தில் ஒரு நாள்கூட நிற்காமல் வட்டி ஏறிக்கொண்டே வந்திருக்கும். சமரசம் ஊரில் நடக்கட்டும். பணம் வங்கி வழியாகப் போகட்டும். முப்பது நாளுக்குள் நீதிமன்றத்தில் பதியட்டும். பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்பீலுக்காகக் கட்டிய பணம்

தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போகும் கடனாளி, நிறைவேற்றத்துக்குத் தடை கேட்கும்போது முழுத் தொகையையோ ஒரு பகுதியையோ கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். அப்படிக் கட்டிய பணம் வட்டியை நிறுத்துமா? சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ராமநாதன் செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-இல் இதற்கு வழிகாட்டியது. ஜாமீன் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு, தடை உத்தரவுக்காகக் கட்டிய பணத்தின் உரிமை டிகிரிதாரருக்கு மாறிவிடுவதில்லை என்பது அந்தத் தீர்ப்பு. உரிமை மாறாத பணத்தை டிகிரிக்குக் கொடுத்த பணம் என்று கணக்கு வைக்க முடியாது. வட்டியும் அதனால் நிற்காது என்பது இதிலிருந்து பெறப்படும் விளைவு.

2012-இல் இமாசலப் பிரதேச வீட்டுவசதி ஆணையத்துக்கும் ரஞ்சித் சிங் ராணாவுக்கும் இடையிலான நடுவர் தீர்ப்பு வழக்கில் மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. நடுவர் வழங்கிய தொகை முழுவதும் நீதிமன்றத்தில் கட்டப்பட்டது. கொடுப்பு என்பது நீதிமன்றத்தில் கட்டுவதையும் உள்ளடக்கும். கட்டிய நாளுக்குப் பிறகு பதினெட்டு சதவீத வட்டி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருத்தம் புரியும். முதல் வழக்கில் பணம் டிகிரிதாரர் ஜாமீன் இல்லாமல் தொட முடியாத நிலையில் கட்டப்பட்டது. இரண்டாவதில் அவருக்குச் சேரவேண்டியதாகவே கட்டப்பட்டது.

ஆகவே அப்பீல் போகும் கடனாளி தன் மனுவிலேயே ஒரு முடிவெடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு பணத்தை நிபந்தனையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தொகை மீதான வட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைக்கலாம். எடுக்க விடாமல் பூட்டி வைத்தால், அப்பீலில் தோற்கும்போது வட்டியைச் சுமக்க வேண்டியிருக்கும். நீதிமன்றம் அந்தப் பணத்தை வங்கி வைப்பில் போட்டிருந்தாலும், வைப்பு வட்டிக்கும் டிகிரி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் கடனாளியின் தோளில்தான் விழும்.

பணத்தை எடுக்க விட்டால் ஜெயித்த பிறகு திரும்பக் கிடைக்குமா என்ற அச்சம் இயல்பானது. அதற்குத்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு இருக்கிறது. டிகிரி மாற்றப்பட்டால், பெற்றவர் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். நீதிமன்றம் வட்டியும் விதிக்கலாம். 2003-இல் சவுத் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இடைக்கால உத்தரவால் ஒருவர் பெற்ற ஆதாயத்தை வழக்கின் முடிவில் ஈடுகட்ட வேண்டும் என்பதை விரிவாகப் பேசியது. ஓடிப்போகும் ஆள் என்ற உண்மையான பயம் இருந்தால் ஜாமீன் கேட்பது சரி. வெறும் வீம்புக்காகப் பணத்தைப் பூட்டுவது கட்டியவருக்கே நட்டம்.

குறைவாகக் கட்டினால் எதில் கழியும்

முழுத் தொகையும் ஒரே தவணையில் கட்டக்கூடியவர்கள் சிலர்தான். பகுதி கட்டும்போது அது அசலில் கழியுமா, வட்டியில் கழியுமா என்பதே பெரிய கேள்வி. ஒரு கணக்கைப் பார்ப்போம். அசல் 10 லட்சம், ஒன்பது சதவீத வட்டி, நான்கு ஆண்டு கடந்துவிட்டது. வட்டி 3 லட்சத்து 60 ஆயிரம். வழக்குச் செலவு 40 ஆயிரம். மொத்தம் 14 லட்சம். கடனாளி 10 லட்சம் கட்டுகிறார். அது அசலில் கழிந்தால் பாக்கி நிற்கும் 4 லட்சத்துக்கு மேற்கொண்டு வட்டி இல்லை. வட்டியிலும் செலவிலும் முதலில் கழிந்தால் அசலில் 4 லட்சம் நிற்கும்; அது ஆண்டுக்கு 36 ஆயிரம் வட்டியைப் பெற்றுக்கொண்டே இருக்கும். ஐந்தாண்டில் வித்தியாசம் ஒரு லட்சத்து 80 ஆயிரம்.

சென்னை மாகாணத்திலிருந்து போன அப்பாராவ் குடும்ப வழக்கிலேயே பிரிவி கவுன்சில், வேறு ஏற்பாடு இல்லாதபோது பணம் முதலில் வட்டிக்கும் பிறகு அசலுக்கும் கழியும் என்று சொல்லியிருந்தது. 1969-இல் மேகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2006-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு குர்பிரீத் சிங் வழக்கில் முழுச் சித்திரத்தையும் வரைந்தது. கட்டியது டிகிரித் தொகைக்குக் குறைவாக இருந்தால், டிகிரிதாரர் முதலில் வட்டிக்கும், அடுத்து செலவுக்கும், கடைசியில் அசலுக்கும் கழித்துக்கொள்ளலாம். நோட்டீஸோடு கட்டிய அளவுக்கு அந்தத் தொகை மீது மேற்கொண்டு வட்டி ஓடாது. பின்னால் அப்பீலில் தொகை கூட்டப்பட்டால், ஏற்கெனவே கழித்து முடித்த கணக்கைத் திரும்பத் திறக்க முடியாது. கூட்டிய பகுதிக்கு மட்டும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

கட்டும்போது எந்தத் தொகை எதற்கு என்று எழுதிக் கொடுக்க 21-ஆவது கட்டளையின் முதல் விதியே இடம் வைத்திருக்கிறது. அசல், வட்டி, செலவு என்று பிரித்து எழுதி, டிகிரிதாரரும் அதை ஏற்றுப் பெற்றுக்கொண்டால் பின்னால் சண்டைக்கு இடமில்லை. எழுதாமல் விட்டால் சட்டம் டிகிரிதாரர் பக்கம் சாயும்.

ஜப்தியாகும் பேருந்து

இந்தக் கணக்கு மக்கள் கண்முன் வந்து நிற்பது பேருந்து நிலையங்களில். விபத்து இழப்பீட்டைக் கட்டாததால் நீதிமன்ற ஊழியர்கள் அரசுப் பேருந்தை ஜப்தி செய்து, பயணிகளை இறக்கிவிட்டு, நீதிமன்ற வளாகத்துக்கு ஓட்டிச் செல்லும் செய்தி கோவை, திருப்பூர், ஈரோடு நாளிதழ் வாசகர்களுக்குப் பழக்கமானது. தனியார் வண்டிகளுக்குப் பின்னால் காப்பீட்டு நிறுவனம் நிற்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி ஏற்படுத்திக்கொண்டு கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற மோட்டார் வாகனச் சட்டம் வழி தருவதால், இழப்பீட்டுச் சுமை நேரே கழகத்தின் மேல் இறங்குகிறது.

அதே சட்டத்தின் 168-ஆவது பிரிவு, இழப்பீடு அறிவித்த 30 நாளுக்குள் தொகையைக் கட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டி விதிப்பது பரவலான வழக்கம். 15 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு அந்த விகிதத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபாய் வட்டி. நான்கு ஆண்டு தள்ளிப்போட்டால் நாலரை லட்சம். ஒரு நாள் தாமதத்துக்கு 308 ரூபாய் என்று ஒரு கழக அதிகாரியின் மேசையில் எழுதி வைத்திருந்தால், கோப்பு வேகமாக நகரும்.

வட்டிக்கு முதலில் கழிப்பது விபத்து இழப்பீட்டுக்கும் பொருந்துமா என்ற ஐயத்தை 2014-இல் வி.கலாபாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பொருந்தும் என்பதே விடை. சித்தூரிலிருந்து போன அந்த வழக்கின் தீர்ப்பு, உழைக்கும் ஒருவரை இழந்து நின்ற குடும்பங்களுக்குப் பெரிய துணை. பல ஆண்டு கழித்து அசலை மட்டும் கட்டி, கடன் தீர்ந்தது என்று சொல்லும் வழியை அது அடைத்துவிட்டது. 2021 மார்ச்சில் பஜாஜ் அலையன்ஸ் வழக்கில், காப்பீட்டு நிறுவனங்கள் தொகையை வங்கிப் பரிமாற்றம் மூலம் தீர்ப்பாயத்தின் கணக்கில் செலுத்த உச்ச நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. பணம் வந்த நாள் பற்றிய சண்டைக்கு வங்கிப் பதிவு சாட்சியாகிறது. ஆனால் பணம் வந்தது குடும்பத்துக்குத் தெரியாமல், எடுக்கும் மனு போடப்படாமல், ஆண்டுக் கணக்கில் கிடக்கும் தொகைகளும் உண்டு. நோட்டீஸ் பெயரளவில் சார்வாகிவிட்டால் கட்டியவருக்கு வட்டி நின்றுவிடுகிறது. வாங்க வேண்டியவருக்கு இன்னும் சோறு கிடைக்கவில்லை. நோட்டீஸ் என்பது வெறும் சடங்காகிவிடக் கூடாது என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

நிலம் கொடுத்தவர்கள்

மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகத்துக்காக நிலம் கொடுத்த குடும்பங்கள், கூடுதல் இழப்பீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் அலைந்தது கோவையில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. 2013 வரை நடப்பில் இருந்த 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் 1984-இல் செய்த திருத்தப்படி, நீதிமன்றம் கூட்டித் தரும் தொகைக்கு, நிலத்தைக் கைப்பற்றிய முதல் ஆண்டுக்கு ஒன்பது சதவீதமும் அதன் பிறகு பதினைந்து சதவீதமும் வட்டி. இருபது ஆண்டு நிலுவையில் இருந்தால் வட்டி மட்டும் 294 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் இழப்பீடு 3 லட்சத்து 94 ஆயிரமாகிறது. 2001-இல் சுந்தர் வழக்கில், கட்டாய நில எடுப்புக்காகச் சேர்த்துத் தரும் ஆறுதல் தொகைக்கும் வட்டி உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அரசின் சுமை இன்னும் கூடியது.

இங்கே தாமதம் நிலம் இழந்தவரின் தவறல்ல. கூடுதல் தொகையை அரசுத் துறை உடனே கட்டி நோட்டீஸ் கொடுத்திருந்தால் அந்த வட்டியின் பெரும்பகுதி பிறந்தே இருக்காது. அப்பீல், நிதி ஒதுக்கீடு, மறு ஆய்வு என்று கோப்பு சுற்றும் ஒவ்வொரு மாதமும் மக்கள் வரிப்பணத்திலிருந்து நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய் வட்டி போகிறது.

இந்தத் துறையில் நீட்டுவது பற்றிய விரிவான தீர்ப்பு 2020-இல் இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் வந்தது. 2014-இல் புனே மாநகராட்சி வழக்கில் சொன்னதை மாற்றி, ஐந்து நீதிபதிகள் அமர்வு, இழப்பீட்டை நிலக்காரரிடம் நீட்டியதோடு கொடுக்கும் கடமை நிறைவேறுகிறது என்றது. வாங்க மறுத்துவிட்டு, பணம் நீதிமன்றத்தில் கட்டப்படவில்லை, ஆகவே நில எடுப்பே காலாவதி என்று வாதிட முடியாது. கட்டாமல் விட்டதன் விளைவு வட்டிப் பொறுப்பு மட்டுமே. விமான நிலையம், சாலை, தொழிற்பேட்டை என்று நிலம் எடுக்கப்படும் கொங்கில், எதிர்ப்பைக் காட்டப் பணத்தை வாங்காமல் இருக்கும் உழவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டே பணத்தை வாங்கலாம். கூடுதல் கேட்கும் உரிமை அதனால் போகாது.

பட்டறைகளின் பாக்கி

கோவையின் வார்ப்படப் பட்டறை, பம்ப் உதிரிபாகத் தொழில், திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் ஆகியவற்றுக்கு 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் தனி ஆயுதம் தந்திருக்கிறது. சரக்கை ஏற்ற 45 நாளுக்குள் பணம் தராத வாங்குநர், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்த காலத்தில் அது 20.25 சதவீதம், கூட்டு வட்டியோடு ஆண்டுக்கு 22 சதவீதத்தைத் தாண்டும். இதற்கான வசதியாக்கக் குழு சென்னை, மதுரை, திருச்சியோடு கோவையிலும் இயங்குகிறது.

குழுவின் உத்தரவை எதிர்க்க விரும்பும் வாங்குநர் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். சென்னையிலிருந்து போன குட்இயர் வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்றும், தவணையில் கட்ட அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. அதில் நியாயமான பகுதியைச் சிறுதொழிலுக்கு விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த விடுவிப்பைக் கேட்டுப் பெறுவதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. பணம் பட்டறைக்காரரின் கைக்கு வந்த அளவுக்கு வாங்குநரின் வட்டி குறைகிறது. பட்டறைக்காரர் கூலி கொடுத்து அடுத்த ஆர்டரை எடுக்க முடிகிறது. இந்த உயர்ந்த வட்டியின் நோக்கம் சிறுதொழிலைப் பணக்காரராக்குவது அல்ல. வாங்குநரை உடனே பணம் கொடுக்க வைப்பது.

டிகிரிக்கு முன்பே நிறுத்தலாம்

வழக்கு நடக்கும்போதே கடனாளி ஒப்புக்கொள்ளும் தொகையைக் கட்ட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆவது கட்டளை வழிசெய்கிறது. வாதிக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து, கட்டிய தொகை முழுக் கோரிக்கையாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும், அந்தத் தொகை மீது வட்டி கிடையாது. அடமானக் கடனில் சொத்து மாற்றச் சட்டத்தின் 83, 84-ஆவது பிரிவுகள் இதையே இன்னும் நுட்பமாகச் சொல்கின்றன. முழுத் தொகையை நேரில் நீட்டினால் நீட்டிய நாளில் வட்டி நிற்கும். முன்பு நீட்டாமல் நீதிமன்றத்தில் கட்டினால், அடமானம் வாங்கியவர் எடுத்துக்கொள்ளத் தேவையானதையெல்லாம் செய்து, நோட்டீஸும் சார்வான பிறகு நிற்கும். முன்பு நீட்டாமல் கட்டியவர் கட்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டால், எடுத்த நாளிலிருந்து மறுபடி வட்டி ஓடும். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டமும், தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டலில் சிக்கியவர் கடனை நீதிமன்றத்தில் கட்டித் தீர்வைப் பதிவு செய்யக் கோர வழி வைத்திருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போகத் தெரிந்த பலருக்கு இந்தக் கதவு தெரியாது.

வட்டியைச் சட்டமன்றமே நிறுத்திய காலமும் உண்டு. சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி மாகாணப் பிரதமராக இருந்தபோது 1938-இல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1937 அக்டோபர் 1-இல் நிலுவையில் இருந்த வட்டியை, டிகிரி வட்டி உட்பட, தீர்ந்ததாக அறிவித்தது. அசலைப் போல இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே முடிந்தது. பெரும் பொருளாதார மந்தத்தில் நிலத்தை இழந்துகொண்டிருந்த உழவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அத்தகைய நிவாரணம் தலைமுறைக்கு ஒரு முறை வரலாம். கட்டுவதும் தெரிவிப்பதும் ஒவ்வொரு கடனாளிக்கும் எந்த நாளும் கைவசம் உள்ள நிவாரணம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு பண டிகிரியிலும் நாளொன்றுக்கான வட்டித் தொகையையும், பணம் கட்டும் முறையையும், நோட்டீஸ் கட்டாயம் என்பதையும் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். வழக்கறிஞர் இல்லாத கடனாளிக்கும் அது ஒரே பார்வையில் புரியும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. உயர் நீதிமன்றத்தின் சுற்றறிக்கை போதும்.

இரண்டாவது, அரசுத் துறைகளும் கழகங்களும் அப்பீல் போவதா என்று யோசிக்கும் முன்பே, தாம் ஒப்புக்கொள்ளும் பகுதியையேனும் கட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஜெயித்தால் 144-ஆவது பிரிவு இருக்கிறது. தாமதத்தால் ஏறிய வட்டியை ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை தனிக் கணக்காகக் காட்ட வேண்டும். அது யாருடைய மேசையில் பிறந்தது என்பதும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, கட்டப்பட்ட தொகையை எடுக்கும் மனுக்களை நீதிமன்றங்கள் முன்னுரிமையோடு முடிக்க வேண்டும். கட்டியவருக்கு வட்டியை நிறுத்தும் சட்டம், பெறுபவருக்குப் பணத்தைச் சேர்ப்பதிலும் அதே வேகம் காட்டினால்தான் நியாயம் இரு பக்கமும் நிற்கும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் விபத்துக் குடும்பங்களையும் நிலம் இழந்தவர்களையும் தேடிப்போய் இதைச் சொல்ல வேண்டும்.

வட்டி ஒருவர் பணத்தை மற்றவர் வைத்திருந்ததற்கான ஈடு. வைத்திருப்பது நின்ற நாளில் ஈடும் நிற்க வேண்டும்; நிற்காத நாள் வரை ஒரு காசும் குறையக் கூடாது. 21-ஆவது கட்டளையின் முதல் விதி இந்த நேர்மையைத்தான் சட்ட வாசகமாக்கியிருக்கிறது. அதைக் கடனாளியும் டிகிரிதாரரும் அரசு அலுவலரும் ஒரு முறை படித்தறிந்தால், கோவை நீதிமன்ற வளாகத்தில் குவிந்திருக்கும் நிறைவேற்று மனுக்களில் பலவற்றைப் பேசியே முடிக்கலாம்.